பாலம் தாண்டாத ஆள்

மறுபடியும் ஒருவன் பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து செத்தான். பழி சுமியின் தலையில் விழுந்தது.

“மூணாவது கட்டம்தான் தலைவலி, சுமி. விழற கணக்கு ஏறிண்டே இருக்கு. உன் மியூசிக் ஆளைக் குழப்பறதுன்னு மேல சொல்லிட்டா” என்றான் வெங்கிடேஷ், வீடியோ காலில். திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் இருக்கும் அந்த வீடியோ கேம் கம்பெனியில் அவன்தான் புரொடியூசர். “சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா மியூசிக், வாய்ஸ் ரெண்டையும் பெங்களூர்ல வேற ஆள்கிட்ட குடுத்துடுவா. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு!”

சுமி வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. ‘ஒரு சான்ஸ் குடு வெங்கி. மாத்தித் தாறேன்’ என்று டைப் செய்து அனுப்பினாள்.

கேம்களுக்கு இசை போடுவதும் அதில் வருகிறவர்களுக்குக் குரல் கொடுப்பதும்தான் அவள் தொழில். பேய், இளவரசி, குரங்கு, குத்துப்பட்டுச் சாகிற சிப்பாய் என்று எல்லாமே அவள் தொண்டைதான். ஓணத்துக்கு முன்னால் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டியோடு சேர்ந்து குரலும் போயிற்று. இனி வராது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மிச்சம் இருந்தது இசை ஒன்றுதான், அதற்கும் இப்போது உலை.

இந்த கேமில் அவள் முன்பே பேசி வைத்திருந்தது தோணிக்காரியின் குரல். இக்கரையில் நிற்கும் தோணிக்காரி, ஆள் ஆற்றில் விழும்போது, “எழும்பு மக்களே, பேடிக்காண்டாம். நான் இங்கதானே நிக்கேன்” என்பாள். ‘பயப்படாதே’ என்று மாற்றச் சொன்ன வெங்கிடேஷோடு ஒரு வாரம் சண்டை போட்டு, அப்பா அவளைக் கூப்பிடுகிற ‘மக்களே’யும் சேர்த்துத் தன் வீட்டுப் பேச்சிலேயே பேசியிருந்தாள்.

இப்போது அந்தத் தோணிக்காரியும் போய்விடுவாள்.

செண்டைச் சத்தத்தைக் குறைத்து அனுப்பினாள். “இன்னும் விழறா” என்று பதில் வந்தது.

புல்லாங்குழலை எடுத்துவிட்டு அனுப்பினாள். “ஐயோ சுமி, இப்போ இன்னும் ஜாஸ்தி!”

ஆடிப் பார்க்க எல்லா வயசிலும் ஆள் வேண்டும் என்று கம்பெனி கேட்டதற்காக, சர்ச் சபை வாட்ஸ்அப் குரூப்பில் கேமின் லிங்கைப் போட்டதே புத்திகெட்ட வேலை. ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் புத்தகத்தையே தலைகீழாகப் பிடிக்கிற மாமாமார்கள் பாலத்தைத் தாண்டி விடுவார்களாக்கும்!

தாங்க முடியாமல் எழுந்து அப்பாவின் அறைக்குப் போனாள். தாசையன் ஆரியசாலையில் மிளகாய் மொத்தக் கடை வைத்திருந்து ஓய்ந்தவர். “எஞ்சினீயருக்குப் படிச்சிட்டு பொம்மைக்குக் கூப்பாடு போடுதியா?” என்று ஒரு தடவை கேட்டதோடு அவள் தொழிலைப் பற்றிப் பேசுவதையே விட்டவர். மகளின் ஆபரேஷனுக்குப் பிறகு அறையே கதி. கேட்டால், “பிரசங்கம் கேக்கேன்” என்பார்.

இப்போதும் காதில் ஒயர் இல்லாத குட்டி இயர்போனை மாட்டிக்கொண்டு, போனைக் குறுக்கே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தார்.

“அப்பா, எனக்க வேலை போகப் போவுது” என்றாள் சுமி. காற்றாக வந்த பேச்சு அவர் காதில் ஏறவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல் மனசு! மகளின் தொண்டை போயிற்றே என்று ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருப்பாரா இந்த மனுஷன்? சுமி கதவை அறைந்துவிட்டு வந்தாள்.

மேஜையில் வெங்கிடேஷின் செய்தி காத்திருந்தது. ‘இன்னும் அரை மணி நேரம்தான். சாரி.’

கடைசி முயற்சியாகத் தாளத்தையே மாற்றத் தொடங்கினாள். பாதியில் கரண்ட் போயிற்று. கம்ப்யூட்டர் கண்ணை மூடியது, மாற்றியதும் போயிற்று. சுமி மேஜையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்குக்கூடச் சத்தம் இல்லை. ஃபேன் நின்று வீடே அடங்கிக் கிடந்தது.

அப்போதுதான் பக்கத்து அறையிலிருந்து அவளுடைய குரல் கேட்டது.

“எழும்பு மக்களே, பேடிக்காண்டாம். நான் இங்கதானே நிக்கேன்.”

சுமி துள்ளி எழுந்தாள். ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். இயர்போனில் சார்ஜ் தீர்ந்து, தாசையனின் போன் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தது.

திரையில் ஒருவன் பாலத்தில் நடந்தான். ஆடும் பலகையைத் தாண்டினான், அறுந்த கயிற்றைத் தாண்டினான். தாசையனின் கட்டைவிரல்கள் ஒரு இடத்திலும் தவறவில்லை. அக்கரைக்கு ஒரே எட்டுதான் பாக்கி. அங்கே தாசையன் நிதானமாக அவனைத் திருப்பி, ஆற்றில் தள்ளினார்.

“எழும்பு மக்களே, பேடிக்காண்டாம்...”

“அப்பா! நீங்களா?” சுமி காற்றாலேயே கத்தினாள். அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “தாண்டத் தெரிஞ்சிட்டும் தள்ளி விடுதீங்களா? எனக்க பொழப்புல ஏன்ப்பா மண்ணை அள்ளிப் போடுதீங்க?”

தாசையன் திடுக்கிட்டுப் போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். கண்ணெல்லாம் சிவந்து கலங்கியிருந்தது.

“அக்கரை போயாச்சுன்னா நீ பேசமாட்டியே, மக்களே!”