முற்றத்தோடு நின்றவன்

பொம்பிளை பார்க்க வந்த பிரகலாதன் முற்றத்து மாமரத்தைத் தாண்டி உள்ளே வரவில்லை.

அவனுடைய தாய் மட்டும் விறாந்தையில் வந்து இருந்தா. பொம்பிளையின் தகப்பன் தியாகராசா அவனை இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். இங்கே நல்ல காற்று என்று சொல்லி அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

தியாகராசாவின் மகள் தர்சிகாவுக்குச் சிறுவயதிலிருந்தே முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் கரப்பான் என்ற தோல் வருத்தம். கை நீண்ட சட்டை போடச் சொல்லி அம்மா காலையிலிருந்து மன்றாடியும் அவள் கேட்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகும் எத்தனை நாள் மூடிக்கொண்டு திரிவது? குளித்த ஈரம் காய முன்னர் களிம்பு பூசுவது, சொறிய வைக்கும் கடி கூடினால் மட்டும் டொக்டர் தந்த மருந்து என்று தரகரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் விட்டிருந்தார்கள்.

தேத்தண்ணீரோடு வெளியே வந்தவள் அவனைப் பார்த்தாள். மாவிலைகளுக்கூடாக விழுந்த வெயில் அவன்மேல் பொட்டுப் பொட்டாக அசைந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போல இருந்தது. இவன்தான் என்று மனம் சொல்லியது. கால்கள் தாமாகவே படியிறங்கின.

அவன் இரண்டடி பின்னால் போனான்.

அவர்கள் போனதும் அம்மா அழுதா. அருவருத்துப் போனவனை இனிப் படலைக்குள் விடமாட்டேன் என்றார் அப்பா. தர்சிகா பல மாதமாக அடங்கிக் கிடந்த கையைச் சொறிந்து சொறிந்து இரத்தம் கண்டபிறகுதான் நிறுத்தினாள்.

அடுத்த நாள் பின்னேரம் வெங்காயத் தறைக்குத் தண்ணீர் பாயும் சத்தத்தில் அரைத்தூக்கமாக இருந்தாள். படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. கனவோ என்று எழுந்து போனாள். பிரகலாதன் தனியாக நின்றான். தலை இன்னும் ஈரம்.

"உது ஒட்டுற வருத்தமில்லை," என்றாள் அவள். "தெரியாமல் பயந்திட்டியள் போல."

"தெரியும். தரகர் சொன்ன அண்டைக்கே ஒரு டொக்டரிட்டைப் போய்க் கேட்டனான்."

"பிறகேன் நேற்றுக் கிட்ட வரேல்லை?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வாசனை பட்டால் உங்களுக்குக் கடி கூடும் எண்டு டொக்டர் சொன்னவர். நேற்று வெளிக்கிடேக்கை தம்பி உடம்பெல்லாம் சென்ற் அடிச்சுவிட்டிட்டான். பெரியாக்களுக்கு முன்னாலை சொல்ல வெக்கமாய்ப் போச்சு. இண்டைக்குச் சவுக்காரமும் போடாமல் முழுகிப்போட்டு வந்திருக்கிறன். உள்ளை வரட்டோ?"