கோச் சொன்னது

“ஏட்டி, என்ன சொல்லுதாரு அவரு?”

அவளுக்கும் தெரியவில்லை.

மாவட்டப் போட்டிக்குப் போகும் வேனில் டீம் முழுக்க ஒரே செல்போனுக்குள் தலையை விட்டிருந்தது. திரையில் ஓடிய தொடரில் ஜப்பான் பெண்கள் வரிசையாக நின்றார்கள். விடிந்தால் அவர்களுக்கும் வாலிபால் போட்டி. அவர்களுடைய நரைத்த கோச் இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். வாய் ஒரு பக்கம் அசைந்தது, குரல் ஒரு பக்கம் வந்தது.

அவள் இரண்டு வருடம் மெட்ரிக் பள்ளியில் படித்துவிட்டு வந்தவள். அதனால் டீமில் அவளுக்குப் பெயரே இங்கிலீஷ்தான். எந்த எபிசோட் என்றாலும் அவள்தான் கதை சொல்ல வேண்டும்.

பாதி புரியும். மீதியை அவளே இட்டு நிரப்புவாள்.

இன்று பாதிகூட இல்லை. இரண்டு சொல்தான் பிடிபட்டது. பெஞ்ச். டுமாரோ.

கோச்சின் விரல் ஓரத்தில் நின்ற ஒரு பெண்ணைக் காட்டியது.

இங்கே இவளுக்கும் இந்த வருடம் முழுக்க ஓரம்தான். தண்ணீர் பாட்டில்களுக்கும் செருப்புகளுக்கும் காவல்.

“வெளிய உக்காந்திருக்கவள எதிர் டீமுக்குத் தெரியாதாம்,” என்றாள். “நாளைக்கி மொத பந்து அவதான் போடணுமாம்.”

சொன்ன பிறகுதான் உள்ளங்கை ஈரமானது.

எபிசோட் முடிந்தது. போட்டி அடுத்ததில்தான். அதற்குள் வேன் மைதானத்துக்குள் திரும்பிவிட்டது.

ஆடப்போகிறவர்களின் பெயரை கேப்டன்தான் டீச்சரிடம் சொல்ல வேண்டும். கேப்டன் சகாயராணி முதலில் இறங்கினாள். இறங்கியதும் சொன்னாள்.

“பேச்சி, நீ இன்னிக்கி உக்காரு. மொத சர்வீஸ் இங்கிலீஷு போடட்டும்.”

பேச்சியின் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது.

பிறகு அவளேதான் சிரித்தாள். “ஜப்பான்காரன் பேச்சக் கேட்டு என்னய உக்கார வச்சிட்டியளே!”

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சி குனிந்து முழங்கால் பட்டைகளைக் கழற்றி இவளிடம் நீட்டினாள். டீமில் அது ஒரு ஜோடிதான்.

பட்டைகள் சூடாக இருந்தன.

இப்போது சொல்லிவிடலாம். கோச் அப்படிச் சொல்லவில்லை. நான்தான்.

வாயைத் திறந்தாள்.

சகாயராணி டீச்சரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். ஓடினால் பிடித்துவிடலாம்.

அவள் பட்டைகளை மாட்டிக்கொண்டாள்.

உயரமான எதிர் டீம் பெண்களின் கைகள் வலைக்கு மேலே தெரிந்தன. ஒருத்தி இவளைப் பார்த்து, பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ கேட்டாள். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

தெரியவில்லையாம்.

ஓரத்தில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள் பேச்சி. “போடுட்டீ, இங்கிலீஷு!” எல்லாச் சத்தத்துக்கும் மேலே அவள் சத்தம்தான் கேட்டது.

இவள் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். பந்து வழுக்கியது. சட்டையில் கையைத் துடைத்தாள். திரும்பவும் வழுக்கியது.

முன்னால் நின்ற சகாயராணி திரும்பாமலே கேட்டாள்.

“ஏட்டி, அந்த ஜப்பான் பிள்ள போட்ட பந்து என்னாச்சு? நீ சொல்லவே இல்லியே.”

விசில் ஊதினார்கள்.

அவள் பந்தை மேலே போட்டாள்.