முள் அசையும் வரை

மே மாதத்தின் கடைசி நாள். பிளஸ் டூ இயற்பியல் ஆசிரியர்களுக்கான கோடைப் பயிற்சி முடியும் நேரம்.

“டைம் இல்லை கேட்டோ. புதுப் பாடத்துச் சோதனையை நீங்களே வாசிச்சுக்கோங்க” என்று மலையாளம் கலந்து சொன்னார் பயிற்சியாளர் சுமந்த்.

தம்பானூர் ஸ்டாண்டில் பஸ் பிடிக்க எல்லோரும் பையைத் தூக்கினார்கள். மீனலோசனி டீச்சர் மட்டும் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றார்.

“செஞ்சு காட்டாம ஒருத்தரும் போகப்படாது.”

“டீச்சரே, என் பஸ் போயிடும்!” என்று பதறினாள் இளம் ஆசிரியை அனுஷா.

“போனா போறது. அடுத்த பஸ் வரும்.”

சுமந்த் முணுமுணுத்துக்கொண்டே கம்பிகளை இணைத்தார். மின்னோட்டம் காட்டும் கருவியின் முள் அசையவில்லை. கழற்றினார், மாட்டினார், வியர்த்தார். கடைசியில் அனுஷாவே எழுந்து போய் ஒரு கம்பியை மாற்றி மாட்ட, முள் துள்ளியது. பிறகு ஆளாளுக்குச் செய்து பார்த்தார்கள்.

டீச்சர் கதவைத் திறந்துவிட்டார்.

“இந்தப் பிடிவாதத்துக்கு, ஜூன்ல உங்க கிளாஸ் பசங்க பாடு திண்டாட்டம்தான்” என்றார் சுமந்த் எரிச்சலோடு.

“எனக்கு ஏது கிளாஸ்? இன்னியோட நான் ரிட்டயர் ஆறேன். ஜூன்ல பசங்க முன்னாடி நிக்கப்போறது நீங்கள்லாம்தானே? அதான் விடலை.”