கடைசித் தெருவின் குடக்கணக்கு

"நேத்து ஒம்பது குடம்னு சொன்னீங்க. இன்னிக்கு ஆறுங்கிறீங்க. மீட்டர்ல ரெண்டு நாளும் ஒரே அளவுதானே வந்திருக்கு?"

காவ்யா கேட்டதும் ஷர்லி நிதானமாக யோசித்தாள். "ஒண்ணு ஓட்டைக் குடங்க. அதைச் சேக்கலாமா வேணாமான்னு எனக்கே கொழப்பம்."

"மீதி ரெண்டு?"

"சொர்ணவல்லி அக்கா வீட்டுக் குடமா இருக்கும்."

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் கடைசி வீடுவரை எட்டுகிறதா என்பதுதான் காவ்யாவின் ஆராய்ச்சி. அன்னவாசலுக்கு அருகிலுள்ள அந்த ஊரின் கடைசித் தெருவுக்கு அவள் வரத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. தெருவுக்குள் நுழையும் குழாயில் மீட்டர் மாட்டியிருந்தாள். மீட்டரும் வீடுகளின் குடக்கணக்கும் ஒத்துப்போனால்தான் அறிக்கை எழுத முடியும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

தொட்டி ஆபரேட்டர் குணசேகரனைக் குறை சொல்ல முடியாது. தினமும் காலை ஆறு மணிக்கு வால்வைத் திறந்துவிட்டு, "தண்ணி நல்லா வருதுங்களா மேடம்?" என்று அவளிடமே வந்து விசாரித்தார். மீட்டர் ஒருநாளும் தவறவில்லை. தவறியதெல்லாம் குடங்கள்தான்.

சொர்ணவல்லி வீட்டில் கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தாள். ஒரு குடத்துக்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்லியிருந்தாள். தாள் முழுக்கப் புள்ளிகள்.

"இவ்வளவும் குடமா?"

"செலது குடங்க. செலது கோலம்."

காவ்யா அங்கேயே நின்று பேராசிரியருக்கு போன் செய்தாள். ஒத்துப்போகாத கணக்கை வைத்து அறிக்கை எழுத வேண்டாம், இன்னும் ஒரு மாதம் எடு என்று அவர் சொல்லிவிட்டார். அவள் முகம் வாடியதைப் பார்த்துச் சொர்ணவல்லிக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. "எங்களால ஒங்களுக்குத்தாங்க அலைச்சல்," என்று மோர் கொடுத்து அனுப்பினாள்.

காவ்யாவின் ஸ்கூட்டி தெருமுனை திரும்பியதும் பெண்கள் எல்லாரும் ஷர்லி வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள்.

"என்னவாம்?" என்றாள் ஒருத்தி.

"இன்னும் ஒரு மாசம் வருதாம்," என்றாள் சொர்ணவல்லி.

ஷர்லி பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. அந்தப் பொண்ணு மீட்டரைக் கழட்டிட்டா, மறுநாளே குணசேகரன் பழையபடி வாரத்துக்கு ஒரு நாள்தான் நம்ம வால்வைத் தொறப்பாரு. சரி, நாளைக்குத் தப்பாச் சொல்ற முறை யாரு வீட்டோடது?"