முதலில் பெயர்

“கப்பலுக்கு அப்புறம் போகலாம், பாய். உள்ள வாங்க. நீங்க எனக்கு ஒரு வேலை கத்துக் குடுக்கணும்.”

கணக்கெழுதும் கிராணி பரமசிவம் இப்படிக் கூப்பிட்டதும் ஹனீபாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் அந்த ஆற்றங்கரையில் சரக்குத் தோணிக்காரர்களுக்கெல்லாம் தலைவர், தண்டல்.

“மழைக்கு முந்தி சரக்கை இறக்கணும், கிராணியாரே. பினாங்குக் கப்பல் காலையிலயே வந்துடுச்சு. அப்படி என்ன அவசர வேலை?”

“துக்கச் சேதி சொல்ற வேலை.”

ஹனீபாவின் சிரிப்பு நின்றது.

சிங்கப்பூரில் டிராம் ஓடத் தொடங்கிய புதிது அது. கரையில் வேலை பார்ப்பவர் யாருக்குத் துக்கச் செய்தி வந்தாலும், கொண்டுபோய்ச் சொல்வது ஹனீபாதான். அதற்குக் கம்பெனியில் தனிச் சம்பளம் கிடையாது. ஆனால் அவர் சொன்னால் மனிதர்கள் உடைந்துபோகாமல் தாங்கினார்கள். ஜாதி மதம் பார்க்காமல் எல்லாரும் அவரைத்தான் அனுப்பினார்கள்.

பரமசிவத்துக்கு எழுத்து சுத்தம், கணக்கு சுத்தம். பேச்சு மட்டும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. போன வருஷம், மூட்டையோடு தோணிப் பலகையில் ஏறிக்கொண்டிருந்த கூலியாள் சுந்தரத்திடம், “ஊர்ல உன் பொண்டாட்டி செத்துட்டாளாம். ரெண்டு நாள் லீவு எடுத்துக்க” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். முதுகிலிருந்த மூட்டையை இறக்கிவைக்கக்கூடத் தோன்றாமல் சுந்தரம் அப்படியே நின்றான். ஹனீபாதான் ஓடிவந்து இறக்கினார். அதை நினைத்தால் பரமசிவத்துக்கு இன்னமும் சோறு இறங்குவதில்லை.

“யாருக்கு? நாகூர் கனிக்கா?” என்றார் ஹனீபா. நாகூர் கனிக்குச் சிராங்கூன் ரோட்டில் சாப்பாட்டுக் கடை. கரையில் வேலை பார்த்த அவருடைய மகன் நூருல் அமீன், முந்தாநாள் மேலே பஞ்சுப் பொதி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

பரமசிவம் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“அல்லாவே. அவருக்கு ஒரே மவன். நீங்க போக வேணாம், நானே போறேன். எப்பவும் நான்தானே.”

“இந்தத் தடவை நான்தான் சொல்லணும், பாய். வேற யார் வாயிலேருந்தும் கண்டபடி வந்துடக் கூடாது. எப்படி ஆரம்பிக்கிறது?”

ஹனீபா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மனுஷன் இவ்வளவு தூரம் இறங்கி வந்ததே பெரிசு என்று அவருக்குத் தோன்றியது.

“முதல்ல உக்கார வைங்க. நிக்கிற ஆளுகிட்ட சொல்லவே கூடாது.”

“அப்ப நீங்க உக்காருங்க. உங்ககிட்டயே சொல்லிப் பாக்குறேன்.”

ஹனீபா உட்கார்ந்தார். பரமசிவம் பழக்க தோஷத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் போனார்.

“நடுவுல மேசை இருந்தா நீங்க அதிகாரி. இந்தப் பக்கம் வாங்க. எதிர்ல உக்காந்து கையைப் பிடிச்சுக்குங்க.”

“பழக்கம் இல்ல, பாய்.”

“பரவாயில்ல. சொல்லுங்க.”

“மனசைத் தேத்திக்கணும். பொறந்தவங்க எல்லாரும் ஒருநாள்...”

“அதெல்லாம் வேணாம். வாழைப்பழத்துல ஊசி ஏத்துற வேலையில்ல இது. முதல்ல பேரு. பேரைச் சொல்லாம ஆரம்பிச்சா, வேண்டியவங்க அத்தனை பேரும் அந்த ஆளு மனசுல ஒரு தடவை செத்துப் பொழைப்பாங்க. பேரைச் சொன்னதும் விஷயத்தைச் சொல்லிடணும். உடம்பு மோசம், அது இதுன்னு நம்பிக்கை குடுத்துட்டுப் பறிக்கக் கூடாது.”

“செத்து...”

“அந்த வார்த்தை வேணாம். எங்காளுங்ககிட்ட ‘மவுத்தாயிட்டாரு’ன்னு சொல்லுங்க.”

பரமசிவம் அந்த வார்த்தையை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க, பாய்?”

“போன வீடுகள்லதான். சொல்லிட்டு அவங்க மூஞ்சியைப் பாத்தா, நாம எங்க தப்பு பண்ணினோம்னு தெரிஞ்சுடும். அடுத்த வீட்டுல அதைப் பண்றதில்ல.”

“சொன்னதுக்கு அப்புறம்?”

“அப்புறம் பேச்சே கிடையாது. ஆறுதல் சொல்றேன்னு ஆரம்பிச்சா, நாம அங்கேருந்து தப்பிச்சுப் போகத்தான் பேசுவோம். அவங்களா விடுற வரைக்கும் கையை விடக் கூடாது. அவ்வளவுதான்.”

வெளியே யாரோ, “தண்டல் எங்கய்யா? கப்பல்லேருந்து வந்திருக்கோம்” என்று கேட்கும் குரல் வந்தது. பரமசிவம் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, மறுபடி அதே கையைப் பிடித்துக்கொண்டார்.

“சரி, ஒரு தடவை முழுசா சொல்லுங்க. நல்லா வந்துச்சுன்னா கிளம்பிடலாம். பாவம், பெத்தவரு. காக்க வைக்கக் கூடாது” என்றார் ஹனீபா.

பரமசிவம் தலையைத் தூக்கி அவருடைய கண்களைப் பார்த்தார்.

“ரவூப் மவுத்தாயிட்டாரு, பாய்.”

“எல்லாம் சரி, பேரைத்தான் மாத்திட்டீங்க” என்றார் ஹனீபா. “ரவூப் என் மவன். அவன் பினாங்குல...”

பரமசிவம் ஒன்றும் பேசவில்லை. கையையும் விடவில்லை.