ஊசி போடாத நாற்பது நாள்

உலைக்கூடத்தில் வேலை முடிந்ததும் எல்லோருக்கும் ஊசி போடுவார்கள். சூடும் புகையும் அன்றன்று டி.என்.ஏ.வில் உண்டாக்கிய சேதத்தை அது சரிசெய்துவிடும். அதனால், இருமி இருமியே இறந்த சவரிநாதனுக்கு நோய் உலையால் வந்தது என்று காட்ட உடலில் ஒரு தடயமும் மிஞ்சவில்லை.

அங்கேயே வேலை பார்த்த அவன் மனைவி பிலோமினா, நாற்பது நாள் ஊசிக்குப் போகாமல் நழுவினாள். பிறகு வெளியூர் டாக்டரிடம் ரத்தம் கொடுத்தாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? சேதம் நிலைச்சுப்போச்சு. இனி ஊசி போட்டாலும் சரியாகாது."

"உலையாலதான்னு தெரியுதா சார்?"

"தெரியுது. ஆனா உங்க வீட்டுக்காரருக்கு இது சாட்சியாகாதும்மா."

அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க இன்னும் முந்நூறு பேரு வேலை பாக்குறாங்க. எழுதிக் குடுங்க."