வாத்தியார் வாங்கிய டிவி

"பழைய டிவியே தேவலை" என்றாள் மனைவி.

வாத்தியார் ரிமோட்டும் கையுமாக அப்படியே நின்றார். டிவி வந்து நாலு நாள். நாலு நாளும் இதே பாட்டு.

அவர் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. டிவிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக விற்பனையாளர். எந்த டிவியில் கறுப்பு கறுப்பாக இருக்கும், எதில் சாம்பல் பூத்துக் கிடக்கும், எதில் மனித முகம் காமாலை கண்டதுபோலத் தெரியும் என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். "வாத்தியார் பாஸ் போட்டுட்டாரா? அப்ப பில்லைப் போடுங்க" என்று முதலாளியே வாடிக்கையாளர்கள் முன்னால் கிண்டலடிப்பார்.

அப்பேர்ப்பட்டவர் தன் வீட்டுக்கென்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியெடுத்த டிவி இது.

மனைவி கட்டிலோடு கிடந்து ஏழு மாதம் ஆகிறது. ஸ்கூட்டரை ஓட்டியது அவர். பின்னால் உட்கார்ந்திருந்தது அவள். அவருக்கு முழங்கையில் நாலு தையல். அவளுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. கழுத்தையும் திருப்ப முடியாது.

'உங்களாலதான்' என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால்கூட நிம்மதி என்று அவருக்குத் தோன்றும்.

கட்டிலின் தலைமாடு கதவுப் பக்கம் இருந்தது. கடைவிட்டு வந்ததும் கதவோரம், அவள் தலைக்குப் பின்னால் நின்று "சாப்பிட்டியா?" என்பார். "ஆச்சு" என்பாள். உடனே ஹாலுக்குப் போய்விடுவார். முன்னால் போய் அவள் முகத்தைப் பார்க்க அவருக்கு இன்றுவரை துணிச்சல் வரவில்லை. நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து தன்னையே கேட்டுக்கொள்வார். சாப்பாடு இறங்காது.

ஒன்றை மட்டும் கவனித்து வைத்திருந்தார். அவர் வீடு திரும்பும் நேரத்தில் அவளுக்கு எதிரே சுவரில் இருக்கும் டிவி அணைந்தே கிடக்கும். ஒருவர் டிவியை அணைத்துவைக்கிறார் என்றால் படம் சரியில்லை என்று அர்த்தம். அவருடைய தொழில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். பழைய காலத்துப் பளபளப்புத் திரை வேறு. ஹால் விளக்கு நேராக அதில் வந்து விழும். பாவம், எப்படிப் பார்ப்பாள்?

அதனால்தான் இதை வாங்கினார். மாட்டிய அன்றைக்கு, மனைவியைப் பார்த்துக்கொண்டு சமையலையும் செய்துவைக்கும் நர்சம்மாவிடம் அதன் அருமை பெருமைகளை விளக்கினார். முகத்தை டிவிப் பக்கமே வைத்துக்கொண்டுதான் விளக்கினார். செல்போன் டார்ச்சைத் திரையில் அடித்துக் காட்டினார். ஒரு பொட்டு வெளிச்சம் திரும்பி வரவில்லை. ரிமோட்டே வேண்டாம், வாயால் சொன்னால் சேனல் மாறும் என்றார். நர்சம்மா "செய்தி" என்று சொல்லிப் பார்த்தார், செய்தி வந்தது. நீங்களும் ஏதாவது சொல்லிப் பாருங்கம்மா என்று எவ்வளவோ கெஞ்சினார். மனைவி அந்த டிவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து வாத்தியாரும் விடவில்லை. வெளிச்சத்தைக் குறைத்தார். நிறத்தைக் கூட்டினார். படுத்தபடி பார்ப்பதற்குத் தோதாகத் திரையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து அதே பதில்தான் வந்தது.

இன்றைக்கு அதற்கு மேலும் ஒன்று கேட்டாள்.

"அந்தப் பழசைத் திருப்பி வாங்கிட்டு வர முடியாதாங்க?"

"எக்ஸ்சேஞ்சுக்குப் போனது எப்படித் திரும்பி வரும்? அன்னிக்கே லாரியில ஏத்தி உடைக்க அனுப்பிட்டாங்க."

நர்சம்மா துண்டை எடுத்து அவள் கண்ணோரம் ஒற்றுவது அவருக்கு ஓரமாகத் தெரிந்தது.

ஒரு டிவிக்காகவா அழுகிறாள்? வாத்தியாருக்குச் சுருக்கென்றது.

"ஊருக்கே நான்தான் டிவி பார்த்துக் குடுக்கிறேன். என் பொண்டாட்டிக்கு மட்டும் நான் எதைக் கொண்டுவந்தாலும் ஆகலை. அந்த ஓட்டை டப்பாவுல அப்படி என்னதான் தெரிஞ்சுது உனக்கு?"

ரிமோட்டை நர்சம்மா கையில் திணித்தார்.

ஹாலுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தார். தண்டிக்கிறாள், தண்டிக்கட்டும். டிவியை வைத்தா தண்டிக்க வேண்டும்? நேராகத் திட்டினால் என்ன? இரண்டு வாய் உள்ளே போனது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துகொண்டார்.

ராத்திரி பார்த்துக்கொள்ளும் ஆள் வரும் நேரமானதும் நர்சம்மா வீட்டுக்குக் கிளம்பினார். செருப்பை மாட்டிக்கொண்டவர் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், நான் சொன்னேன்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. நீங்க வர்ற நேரமாச்சுன்னாலே அந்தப் பழைய டிவியை அணைக்கச் சொல்லிடுவாங்க."

"எனக்குத்தான் தெரியுமே. படம் சரியில்லை."

"படத்துக்காக இல்லை சார். அணைச்சாத்தான் அதுல ஹால் தெரியும். நீங்க இங்க உட்கார்ந்து சாப்பிடறதை அதுலதான் பார்த்துட்டு இருப்பாங்க. 'இன்னிக்கும் ரெண்டு வாயோட எழுந்துட்டாரு, நாளைக்குக் கொஞ்சம் காரத்தைக் குறைச்சு வைங்க'ன்னு சொல்லித்தான் சார் தினமும் என்னை வீட்டுக்கு அனுப்புவாங்க."